கையில் ஒரு பட்டி, நெஞ்சில் ஒரு வில்லை: வீட்டுக்கான உடல் சென்சர் வலையைக் கட்டும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி. அம்மம்மா பகலில் தனியே. பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குப் போய்விடுவார், மற்றவர்கள் கனடாவில். இந்தச் சூழலுக்கு ஏற்ற ஒரு சின்ன வலையைக் கட்டும் முறை இது. மேல்கையில் ஒரு பட்டி நாடித்துடிப்பைப் பார்க்கும். நெஞ்சோரம் ஒட்டிய வில்லை தோல் வெப்பத்தையும் விழுகையையும் பார்க்கும். இரண்டும் புளூடூத் வழியே வீட்டிலிருக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிக்குத் தகவல் அனுப்பும். சொல்டர் பிடிக்கத் தெரிந்து, ஆர்டுயினோவில் ஒரு விளக்கையாவது மினுக்கியிருந்தால் போதும்.

வேலை தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். சென்சரை ஓடவைப்பது ஒரு மாலை வேலை. சென்சர் பொய் சொல்லும்போது அதைப் பிடிப்பதுதான் இரண்டு மாத வேலை. பட்டி கழன்றால், கை ஆடினால், வியர்வை புகுந்தால் அப்போதும் திரையில் ஏதோ ஓர் எண் வந்துகொண்டுதான் இருக்கும். அந்த எண்ணை நம்பி இரண்டு தரம் வீட்டைக் கிளப்பிவிட்டால், மூன்றாம் நாள் பட்டி அலுமாரிக்குள் போய்விடும். ஆகவே கீழே சொல்லும் பாதி வேலை, கருவிக்குத் "தெரியவில்லை" என்று சொல்லப் பழக்கும் வேலை.

எதை அளக்கலாம், எதைத் தொடவே வேண்டாம்

நாடித்துடிப்பு, தோல் வெப்பம், அசைவு, விழுகை ஆகிய நான்கையும் நாள் முழுக்க அளக்கலாம். இரத்த ஒக்சிசன் அளவை நாள் முழுக்க அளக்க முயலாதீர்கள். காலை, மதியம், இரவு எனக் கையை அசைக்காமல் வைத்து அரை நிமிடம் பார்த்தால் போதும், அந்த மூன்று அளவுகள்தான் நம்பத்தக்கவை.

இரத்த அழுத்தத்துக்குப் பாமசியில் விற்கும் கைப்பட்டி மெசின்தான். ஒளி சென்சரை வைத்து அழுத்தம் கணிக்கும் நிரல்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, அவற்றை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. சீனி அளவும் அப்படியே. ஊசி குத்தாமல் இரத்தச் சீனியை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. நீரிழிவு உள்ள வீட்டில் இந்த வலைக்குச் சீனிப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

இதயத்தின் மின் அலையை வரையும் ஈசிஜிக்கு ஏடி 8232 மொடியூல் மலிவாகக் கிடைக்கும், ஆசையும் வரும். முதல் கட்டத்தில் சேர்க்காதீர்கள். பிறகு சேர்ப்பதானால் இரண்டு விஷயம். அதன் எலக்ட்ரோட் (தோலில் ஒட்டும் மின்முனை) உடலில் இருக்கும்போது போர்ட் பற்றரியில் மட்டுமே ஓட வேண்டும். 230 வோல்ட் சுவர்ப் பிளக்கில் மாட்டிய மடிக்கணினியோடு யுஎஸ்பி வயர் தொடுத்திருக்கவே கூடாது. அடுத்தது, இணையத்தில் எடுக்கும் வடிகட்டி நிரல் பெரும்பாலும் அமெரிக்க மின்சாரத்துக்கான 60 ஹேர்ட்ஸில் இருக்கும். இலங்கையில் 50 ஹேர்ட்ஸ். மாற்றாவிட்டால் இதய அலையின் மேல் சீப்புப் பல்லுப்போல் இரைச்சல் நிற்கும்.

சாமான்கள்

போர்ட் இரண்டு: ஷியாவ் என்ஆர்எஃப் 52840 சென்ஸ். 21 மில்லிமீற்றருக்கு 17.5 என்ற அளவு, ஒரு பெரிய தபால் முத்திரை அவ்வளவுதான். அசைவை அளக்கும் முடுக்கமானியும் பற்றரி சார்ஜ் செய்யும் சிப்பும் 2 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகமும் அதிலேயே உண்டு. ஈஎஸ்பி 32 இன்னும் மலிவு, புறக்கோட்டையில் எங்கும் கிடைக்கும். ஆனால் வைஃபை அனுப்பும் கணத்தில் 300 மில்லிஅம்பியரைத் தாண்டி இழுக்கும். உடலில் கட்டும் சின்னப் பற்றரிக்கு அது ஒத்துவராது. ஈஎஸ்பியைச் சுவரோரம் நின்று, தகவலை வாங்கி மையத்துக்குத் தட்டிவிடும் அஞ்சல் நிலையமாக வையுங்கள், அங்கே அது நல்ல பிள்ளை.

தோலுக்குள் ஒளி பாய்ச்சித் துடிப்பைப் படிக்கும் மேக்ஸ் 30102 நாடி மொடியூல் ஒன்று போதும், ஆனால் இரண்டு வாங்குங்கள். ஏன் என்று கீழே தெரியும். வெப்பத்துக்கு டிஎம்பி 117, உடல் வெப்ப எல்லையில் அதன் பிழை 0.1 பாகை செல்சியஸ்தான். எல்லாரும் வாங்கும் டிஎஸ்18பி20 அரைப் பாகை வரை தவறும், காய்ச்சல் பார்க்க அது காணாது. 3.7 வோல்ட் 250 எம்ஏஎச் லித்தியம் பொலிமர் பற்றரி இரண்டு, 4.7 கிலோஓம் தடை நாலைந்து, மெல்லிய சிலிக்கன் வயர், 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள கறுப்பு ஃபோம், 25 மில்லிமீற்றர் அகல இலாஸ்ரிக், மைக்ரோபோர் டேப், ஒரு சின்ன அதிர்வு மோட்டார், ஒரு பெரிய பொத்தான். வீட்டு மையத்துக்கு ராஸ்பெரி பை 3 அல்லது ஸீரோ 2 டபிள்யூ.

இலத்திரனியல் சாமான்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. ராஸ்பெரி பையும் மெமரி கார்டும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் விசாரியுங்கள். இலாஸ்ரிக்குக் கெய்சர் வீதித் துணிக்கடைகள். பற்றரியை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முயலாதீர்கள். லித்தியம் பற்றரி விமானத் தபாலில் சிக்கும், சிக்காமல் வந்தாலும் எத்தனை வருடம் களஞ்சியத்தில் கிடந்ததென்று தெரியாது. கடையில் மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள்: 3.6 வோல்ட்டுக்குக் கீழே நிற்கும் புதுப் பற்றரியை எடுக்காதீர்கள், ஊதிய பற்றரியைக் கையாலும் தொடாதீர்கள். பற்றரிச் சொருகியின் சிவப்பு, கறுப்பு வயர்கள் கடைக்குக் கடை இடம் மாறி வரும். மீற்றரை வைத்து நேர், மறை பார்த்த பிறகே போர்டில் சொல்டர் பிடியுங்கள். ஒருமுறை தலைகீழாகத் தொட்டால் சார்ஜ் சிப் போய்விடும்.

நாடி மொடியூல்: முதலில் முதுகைப் பாருங்கள்

சந்தையில் வரும் பச்சை அல்லது ஊதா நிற மேக்ஸ் 30102 மொடியூல்களில் ஒரு பிறவிக் குறை உண்டு. சென்சரும் போர்டும் பேசிக்கொள்ளும் ஐ2சி தடத்தை மேலே இழுத்துப் பிடிக்கும் தடைகளைச் சிலவற்றில் 3.3 வோல்ட்டோடு அல்லாமல் சிப்பின் உள் 1.8 வோல்ட்டோடு இணைத்துவிட்டார்கள். என்ஆர்எஃப் சிப் ஒரு கோட்டை "உயரம்" என்று ஏற்க, ஊட்டும் அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கு வேண்டும், 3.3 வோல்ட்டுக்கு அது 2.31. ஆகவே 1.8 வோல்ட் அதற்குக் கேட்காது. விளைவு: சென்சர் "காணவில்லை" என்று நிரல் சொல்லும். அல்லது மேசையில் வேலை செய்து, பட்டிக்குள் வைத்ததும் விட்டுவிட்டு வரும். பலர் இங்கேதான் மொடியூலைக் குப்பையில் போடுகிறார்கள்.

சோதிப்பது சுலபம். மொடியூலுக்கு 3.3 வோல்ட்டும் தரையும் மட்டும் கொடுங்கள், தரவு வயர்களைப் போர்டில் தொடுக்காதீர்கள். தரவுக் காலுக்கும் தரைக்கும் இடையே வோல்ட்டை அளந்து பாருங்கள். 3.3 வந்தால் மொடியூல் சரி. 1.8 வந்தால் முதுகைத் திருப்புங்கள். மூன்று சின்ன சொல்டர்த் திட்டுகள் அருகருகே இருக்கும், ஒரு பக்கம் 1.8, மறுபக்கம் 3.3 என்று அச்சடித்திருக்கும். நடுத்திட்டிலிருந்து 1.8க்குப் போகும் பாலத்தை உறிஞ்சி எடுத்து, 3.3 பக்கம் ஒரு துளி வையுங்கள். திட்டுகளே இல்லாத மொடியூலானால் அந்த இரண்டு தடைகளையும் சூடாக்கிக் கழற்றி, 4.7 கிலோஓம் தடை இரண்டை வெளியே 3.3 வோல்ட்டுக்குப் போடுங்கள். சிப்புக்கு இதனால் கேடில்லை. இரண்டு மொடியூல் வாங்கச் சொன்னது இந்த அறுவைச் சிகிச்சைக்காகத்தான்.

ஐ2சி தேடல் நிரலை ஓட்டினால் மேக்ஸ் ஹெக்ஸ் (பதினாறின் அடி எண்முறை) 57 முகவரியிலும், நெஞ்சு வில்லையில் டிஎம்பி ஹெக்ஸ் 48லும் பதில் சொல்ல வேண்டும்.

இனி அமைப்பு எண்கள். வினாடிக்கு 100 மாதிரி, நாலை ஒன்றாகச் சராசரி செய்து வெளியே 25. ஒளித்துடிப்பின் அகலம் 411 மைக்ரோவினாடி. ஒளி மின்னோட்டம் ஹெக்ஸ் 1எஃப், அதாவது 6.2 மில்லிஅம்பியர். இந்தப் பதிவேட்டில் ஒரு படி 0.2 மில்லிஅம்பியர். இதை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். தோலின் நிறமும் தடிப்பும் ஆளுக்கு ஆள் மாறும். அகச்சிவப்பு அலைவரிசையின் சராசரி 1,00,000க்கும் 2,00,000க்கும் இடையில் நிற்கும்வரை மின்னோட்டத்தைக் கூட்டிக் குறையுங்கள். 2,62,143 என்று அசையாமல் நின்றால் அது உச்சவரம்பு, ஒளி கூடிவிட்டது. 50,000க்குக் கீழே போனால் தோல் தொடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒன்று: மேக்ஸ் சென்சருக்கான நிரல் நூலகத்தோடு வரும் ஒக்சிசன் கணக்கு நிரல், மாதிரி வேகம் 25 என்று தனக்குள் எழுதிவைத்திருக்கிறது. சராசரியை நிறுத்திவிட்டு வெளிவேகத்தை 100 ஆக்கினீர்களானால் 72 துடிப்பு 18 என்று வரும். நாலில் ஒன்றாகக் குறைந்த எண்ணைக் கண்டால் இதயத்தைச் சந்தேகிக்காமல் நிரலைச் சந்தேகியுங்கள். மற்றது: சில நகல் மொடியூல்களில் சிவப்பும் அகச்சிவப்பும் இடம் மாறி வரும். சிவப்பு என்று நிரல் சொல்லும் ஒளியின் மின்னோட்டத்தைப் பூச்சியமாக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு அணைந்தால் சரி. அணையாவிட்டால் இரண்டு அலைவரிசைகளையும் நிரலில் மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒக்சிசன் எண் எப்போதும் தலைகீழாகவே ஆடும்.

பட்டியைத் தைப்பது

மணிக்கட்டு வேண்டாம். அங்கே எலும்பும் நரம்பும் அதிகம், கையைத் திருப்பும்போதெல்லாம் இடைவெளி விழும். மேல்கையின் உட்பக்கம், சதைப்பிடிப்பான இடத்தில் கட்டுங்கள். கறுப்பு ஃபோமில் சென்சர் கண் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு சாளரம் வெட்டி, மொடியூலைப் பின்னால் வைத்துத் தையுங்கள். கண் ஃபோமுக்குள் ஆழப் போகாமல், தோலை மெல்லத் தொட வேண்டும். பக்கத்தால் வெளிச்சம் புகுந்தால் ஜன்னலோரம் உட்காரும்போதெல்லாம் அலை கெடும்.

இறுக்கம்தான் கலை. இறுக்கிக் கட்டினால் தோலடிக் குருதி நாளங்கள் நசுங்கி அலையே மறையும், தளர விட்டால் ஒவ்வோர் அசைவும் துடிப்பாகக் கணக்கில் ஏறும். பட்டிக்கும் தோலுக்கும் இடையில் சுண்டுவிரல் நுழைந்து, ஆனால் சுழல முடியாமல் இருந்தால் அளவு. இரவில் பட்டியைக் கழற்றி, மறுநாள் மற்றக் கையில் கட்டுங்கள். கொழும்பு வெக்கையில் ஒரே இடத்தில் நாள்கணக்காகக் கிடந்தால் தோல் சிவந்து கடிக்கும். முதியவர் தோல் கடதாசி மாதிரி. நெஞ்சில் ஒட்டும் டேப்பை வெடுக்கென்று இழுக்காமல், ஈரத் துணியால் நனைத்து ஓரத்திலிருந்து உருட்டி எடுங்கள். இதயமுடுக்கி பொருத்தியவருக்குக் காந்தப் பூட்டு உள்ள பட்டி கட்டாதீர்கள்.

ஒக்சிசன் பார்க்கும் நேரத்தில் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, அதே கண்ணின் மேல் சுட்டுவிரல் நுனியை மெதுவாக வைக்க வேண்டும். நகப்பூச்சு இருந்தால் பிரச்சினையில்லை, சென்சர் விரலின் சதைப்பக்கம்தான் பார்க்கிறது. விரல் நுனி முழுக்க மருதாணி சிவந்திருந்தால் அந்த விரலை விடுங்கள், நிறம் ஒளியைத் தின்னும். விரல் குளிர்ந்திருந்தால் முதலில் உரசிச் சூடேற்றுங்கள்.

கணக்கு இதுதான்: சிவப்பின் அலையாட்டத்தை அதன் சராசரியால் வகுங்கள், அகச்சிவப்புக்கும் அப்படியே, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம். 110 இலிருந்து 25 மடங்கு விகிதத்தைக் கழித்தால் ஒக்சிசன் வீதம், தோராயமாக. விகிதம் 0.5 என்றால் 97.5, 0.6 என்றால் 95. பாமசியில் வாங்கிய விரல் ஒக்சிமீற்றரோடு இருபது தரம் ஒப்பிட்டு, சராசரி வித்தியாசத்தைக் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம். அதற்கு மேல் போகாதீர்கள். சுகமாக இருப்பவரிடம் வரும் எல்லா அளவும் 95க்கும் 99க்கும் இடையில்தான் கிடக்கும். அந்தச் சின்னத் துண்டை வைத்து 85 எப்படி இருக்கும் என்று சரிபார்க்க வழியே இல்லை. ஆகவே நீங்கள் கட்டிய கருவி 92க்குக் கீழே காட்டினால் அது ஓர் அளவு அல்ல, "கடை ஒக்சிமீற்றரை எடுத்துப் பார்" என்ற சைகை. கடைக் கருவியும் கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும், 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு இதை எடுத்துக் காட்டிற்று. எண் நல்லாயிருக்கிறது, ஆனால் ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

தரம் பார்க்காமல் எண்ணை வெளியே விடாதீர்கள்

எட்டு வினாடித் துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. தோல் தொடுகிறதா? அலையாட்டம் சராசரியில் 0.2 வீதத்துக்கு மேலா? அதே எட்டு வினாடியில் முடுக்கமானியின் நியம விலகல் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.05 ஜிக்கு (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) கீழேயா? ஒன்று தவறினாலும் அந்தத் துண்டிலிருந்து எண் வரக்கூடாது, காரணம் மட்டும் வர வேண்டும். பதிவு இப்படி இருக்கட்டும்:

06:10 | துடிப்பு 68 | தரம் நன்று
06:15 | துடிப்பு இல்லை | காரணம்: அசைவு
06:20 | துடிப்பு இல்லை | காரணம்: தோல் தொடவில்லை
06:25 | துடிப்பு 71 | தரம் நன்று

06:15க்கு முந்தைய எண்ணையே திரும்பப் போட்டு இடைவெளியை நிரப்பும் நிரல்கள் உண்டு. அழகாகக் கோடு போகும், ஆனால் அது பொய்.

நான்காவதாக ஒரு வடிகட்டியைப் பலர் போடுகிறார்கள்: அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி 20 வீதத்துக்கு மேல் மாறினால் தூக்கி எறி. இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். முதியவர்களிடம் வரும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஒன்றின் அடையாளமே அந்த மாறும் இடைவெளிதான், நீங்கள் பிடிக்க வேண்டியதை நீங்களே வடிகட்டி எறிந்துவிடுவீர்கள். மற்ற மூன்று கேள்வியும் தேறி, கை அசையாமல் இருந்து, அப்போதும் இடைவெளி தாறுமாறாக இருந்தால் "ஒழுங்கில்லை" என்று பதியுங்கள். ஒரே நாளில் பலமுறை வந்தால் அந்தப் பக்கத்தை அச்சடித்து அடுத்த கிளினிக்குக் கொண்டுபோங்கள். அங்கே எடுக்கும் ஈசிஜிதான் தீர்ப்பு.

நெஞ்சு வில்லை

டிஎம்பி 117ஐக் கமக்கட்டுக்குக் கொஞ்சம் கீழே, விலாப்பக்கம் ஒட்டுங்கள். போர்டிலிருந்து குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி வயரில் தொங்கட்டும், பக்கத்தில் இருந்தால் போர்டின் சூட்டையும் சேர்த்து அளக்கும். ஒட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வரும் எண்ணையே எடுங்கள். நிமிடத்துக்கு ஒரு மாதிரி தாராளம்.

தோல் வெப்பம் 34 பாகையளவில் நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது உடலின் உள் வெப்பம் அல்ல. ஏசி அறைக்குள் போனால் இறங்கும், போர்வைக்குள் ஏறும். பார்க்க வேண்டியது அந்த ஆளின் அந்த மணிநேரத்து வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகல் என்பதை. வழக்கத்தைவிட 1.5 பாகை கூடி ஒரு மணிநேரம் நின்றால், வாய்க்குள் வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல்லும் செய்தி ஒன்று போனால் போதும்.

வியர்வைதான் இங்கே எதிரி. சொல்டர்ப் புள்ளிகளில் ஈரம் பட்டால் ஐ2சி தடம் கீழேயே இழுபட்டுச் சென்சர் தொங்கிப்போகும். போர்டை அணைத்துப் போட்டால்தான் எழும்பும். புள்ளிகளின் மேல் நிறமில்லா நகப்பூச்சு இரண்டு பூச்சுப் பூசுங்கள், வெப்ப சென்சரின் முகத்தில் மட்டும் பூசாதீர்கள். மரீன் டிரைவ் பக்கத்து வீடுகளில் கடலுப்பு வேறு சேர்ந்து செம்பைப் பச்சையாக்கும், அங்கே இந்தப் பூச்சுக் கட்டாயம். நிரலிலும் ஒரு மருந்து வேண்டும்: சென்சர் மூன்று தரம் பதில் தராவிட்டால் கடிகாரக் கோட்டில் ஒன்பது துடிப்பு அனுப்பித் தடத்தை விடுவித்து, மீண்டும் தொடங்குங்கள். நிரல் உறைந்தால் போர்டைத் தானாக மீளத் தொடங்கும் வாட்ச்டொக்கையும் இயக்கிவிடுங்கள்.

விழுகைக்கு முடுக்கமானியின் எல்லையை ±8 ஜி ஆக்குங்கள். ±2 ஜியிலேயே விட்டால் மோதும் கணம் வெட்டுப்பட்டுப்போகும், கதிரையில் தொப்பென்று உட்கார்ந்ததும் தரையில் விழுந்ததும் ஒன்றாகவே தெரியும். தொடக்க எண்கள்: 0.5 ஜிக்குக் கீழே 100 மில்லிவினாடி, அதிலிருந்து ஒரு வினாடிக்குள் 2.5 ஜிக்கு மேல் ஒரு மோதல், பிறகு உடல் கிடையாகி 30 வினாடி அசைவில்லை. மூன்றும் சேர்ந்தால்தான் சந்தேகம். சாமியறையில் விழுந்து கும்பிடும்போதும், பாயில் தொழும்போதும் உடல் கிடையாகும்; ஆனால் இறங்கும் வேகம் மெது, மோதலும் இல்லை. அதனால் மூன்று நிபந்தனையில் ஒன்றைக்கூடத் தளர்த்தாதீர்கள்.

அப்படியும் ஓர் ஓட்டை மிஞ்சும். முதியவர்கள் பலர் விழுவதில்லை, சுவரைப் பிடித்தபடி வழுகி உட்கார்ந்து, அப்படியே சரிந்துவிடுவார்கள். அதில் சுதந்திர வீழ்ச்சியும் இல்லை, பெரிய மோதலும் இல்லை. அதற்கு வேறொரு விதி: பகல் நேரத்தில், படுக்கும் வழக்கமில்லாத வேளையில், உடல் கிடையாக 10 நிமிடம் அசையாமல் கிடந்தால் வில்லை அதிரட்டும். அவர் பொத்தானை அழுத்தினால் கதை முடிந்தது. 30 வினாடிக்குள் அழுத்தாவிட்டால்தான் செய்தி வெளியே போக வேண்டும். பொத்தான் பெரிதாக, சட்டைக்கு மேலாலேயே அழுத்தக்கூடியதாக இருக்கட்டும்.

அலை எங்கே தொலைகிறது

புளூடூத் 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிறது. உடம்பில் பெரும்பங்கு நீர், நீர் அந்த அலையைக் குடிக்கும். வில்லை இருக்கும் பக்கமாகச் சரிந்து படுத்தாலே இணைப்பு அறும். அன்டெனா இருக்கும் போர்ட் முனையை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள், தோலிலிருந்து ஃபோமின் 3 மில்லிமீற்றராவது விலகட்டும், பற்றரியை அன்டெனாவின் மேல் மடிக்காதீர்கள். கொங்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள். படுக்கையறையில் ஓர் ஈஎஸ்பி 32 அஞ்சல் நிலையம் வைத்தால் தலையிடி பாதி தீரும்.

அதைவிட முக்கியம், இணைப்பு அறும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு நிரலை எழுதுவது. மூல அலையை அனுப்பாதீர்கள், நிமிடத்துக்கு ஒரு சுருக்கப் பதிவு போதும். ஒரு பதிவு 16 பைட் என்றால் நாளுக்கு 1,440 பதிவு, 23 கிலோபைட்டுக்குக் கொஞ்சம் மேல். போர்டிலிருக்கும் 2 மெகாபைட்டில் மூன்று மாதம் வைக்கலாம். பதிவுக்கு வரிசை எண் போட்டு, மையம் "இதுவரை கிடைத்தது" என்று சொன்ன பிறகே அழியுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணிநேரம் கூட்டுங்கள். போர்டின் கடிகாரம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 வினாடி, இணையும்போதெல்லாம் மையம் நேரத்தைத் திருத்தட்டும்.

துடிப்புக்கென்று புளூடூத்தில் பொதுவான சேவை ஒன்று உண்டு, எந்தப் போனும் அதைப் படிக்கும். சோதனைக்கு வசதி. ஆனால் பூட்டாமல் விட்டால் பக்கத்து வீட்டுப் போனும் படிக்கும். பாதுகாப்பான இணைப்பு முறையை இயக்கி, ஒருமுறை இணைத்த கருவியைத் தவிர வேறெதற்கும் பதில் சொல்லாதபடி எழுதுங்கள்.

மின்சாரம்

நாடி சென்சரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் எழுப்புங்கள். ஓடும்போது சிப்பும் இரண்டு ஒளியும் சேர்ந்து ஏறத்தாழ 1.2 மில்லிஅம்பியர், ஐந்தில் ஒரு பங்கு நேரம் என்றால் சராசரி 0.25. மற்றதெல்லாம் சேர்த்து 0.5 என்று வையுங்கள். 250 எம்ஏஎச்சில் 200தான் உண்மையில் கைக்கு வரும். 400 மணிநேரம், கடதாசியில் பதினாறு நாள். நடைமுறையில் பாதியை எதிர்பார்த்து, ஞாயிறுக்கு ஞாயிறு சார்ஜ் என்று பழக்கினால் மறக்காது. இரண்டு நாளில் இறங்கினால் முடுக்கமானியோடு, சுழற்சியை அளக்கும் கைரோவும் விழித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஷியாவ் போர்ட் அதிகபட்சம் 100 மில்லிஅம்பியரில் சார்ஜ் செய்யும், இந்தப் பற்றரிக்கு அது சரி. வேறு போர்ட் எடுத்து டிபி 4056 சார்ஜ் மொடியூலைச் சேர்த்தால் கவனம்: அது கடையிலிருந்து வரும்போது 1 அம்பியருக்கு அமைத்திருக்கும். 250 எம்ஏஎச் பற்றரிக்கு அது நாலு மடங்கு, ஊதும், தீயும் பிடிக்கலாம். அதிலுள்ள 1.2 கிலோஓம் தடையைக் கழற்றி 10 கிலோஓம் போட்டால் 130 மில்லிஅம்பியராக இறங்கும். எந்தப் போர்டானாலும் உடலில் கட்டியபடி சார்ஜ் போடக்கூடாது.

மையத்துக்கும் கரண்ட் கவலை உண்டு. 2022இல் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்த ஊர் இது. பல வீடுகளில் ரவுட்டருக்கு அப்போது வாங்கிய சின்ன யுபிஎஸ் இன்னும் இருக்கும், 5 வோல்ட் வாயிலும் இருந்தால் ராஸ்பெரி பையை அதிலேயே தொடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்ட் கெடும்; பதிவுகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதுங்கள், கார்ட்டின் நகலொன்றை மேசை இழுப்பறையில் வையுங்கள். ரொறன்ரோவிலிருந்து பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் துளை திறந்து எம்கியூடிடி (சென்சர் செய்திகளைக் கைமாற்றும் முறை) பயன்படுத்தும் 1883 வாயிலை உலகத்துக்கு விடாதீர்கள், வயர்கார்ட் போன்ற பூட்டிய தனிப்பாதை (விபிஎன்) போதும். தரவு வீட்டுக்குள்ளேயே இருந்தால் சட்டச் சிக்கலில்லை. அதே பெட்டியை நாலு வீட்டுக்குச் சேவையாக நடத்தத் தொடங்கினால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்க வேண்டிவரும். மருத்துவ உபகரணம் என்று விற்பதானால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் படியேற வேண்டும்.

முதல் பதினான்கு நாளும், அதன் பிறகு மணியடிப்பதும்

முதல் இரண்டு வாரம் எந்த அறிவிப்பும் வெளியே போகக்கூடாது. வலை ஓடட்டும், பதியட்டும். ஒரு கொப்பியில் நாளுக்கு மூன்று தரம் கைப்பட்டி மெசின், விரல் ஒக்சிமீற்றர், வெப்பமானி எண்களை நேரத்தோடு எழுதுங்கள். குளித்தது, படியேறியது, மத்தியானம் சரிந்தது எல்லாம் ஒரு சொல்லில் குறியுங்கள். பதினைந்தாம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கருவி எந்தெந்த மணிக்குப் பொய் சொல்கிறது என்று தெரியும். எல்லைகளை அந்த ஆளின் எண்களிலிருந்து வையுங்கள். பொதுவாகச் சொல்லும் 60 முதல் 100 வரை என்பதை அப்படியே போட்டால், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு நாளெல்லாம் மணியடிக்கும்.

தகவல் அரை மணிநேரம் வராமல் போனால் அதுவும் ஒரு செய்திதான், ஆனால் அபாயச் செய்தி அல்ல. "பட்டி கழன்றிருக்கா பாருங்கோ" என்று வீட்டிலிருப்பவருக்கு மட்டும் போகட்டும். விழுகைச் செய்தி முதலில் ஐந்து நிமிடத்துக்குள் கதவைத் தட்டக்கூடியவருக்குப் போக வேண்டும்: கீழ்மாடி அன்ரி, காவலாளி, அடுத்த தெருத் தம்பி. இங்கே காலை எட்டு மணி என்றால் ரொறன்ரோவில் முந்தின நாள் இரவு. அங்கிருப்பவருக்கு முதல் மணியடித்துப் பயனில்லை, அவருக்கு இரண்டாவதாகப் போகட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை நிரல் தானாக அழைக்கும்படி எழுதாதீர்கள், ஆள் பார்த்து உறுதி செய்த பிறகு ஆளே அழைக்கட்டும். கதவின் உட்பக்கம் ஓர் அட்டை ஒட்டுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்: வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், காலி வீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்புவது, எத்தனையாம் மாடி, எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமை, மாற்றுத் திறப்பு யாரிடம். லிஃப்ட் ஓடாத நாளில் ஸ்ட்ரெச்சர் எந்தப் படிக்கட்டால் இறங்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.